பாஸ்போர்ட் கேட்ட அப்பத்தா: குருசடைத் தீவுக்கு ஒரு சின்னப் படகுப் பயணம்

எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் ஒரு பழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை மதியம் வேலை கொஞ்சம் தளர்ந்ததும், அவரவர் போனில் சேமித்து வைத்த சுற்றுலா ரீல்ஸ்களை எடுத்து ஒருவருக்கொருவர் காட்டி வயிறெரிவோம். அப்படி ஒரு நாள் சிக்கியதுதான் அந்த டாஸ்மேனியா வீடியோ. ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே இருக்கும் பெரிய தீவு. சில டஜன் பேர் மட்டுமே ஏறும் சின்னக் கப்பலில் தீவின் கரையை ஒட்டியே போகிறார்கள். சாலையே இல்லாத தேசியப் பூங்காக்களில் ரப்பர் படகில் இறங்கி நடக்கிறார்கள். மாலையில் மறுபடி கப்பல், சூடான சாப்பாடு, ஜன்னலுக்கு வெளியே மலை.

கட்டணத்தைப் பார்த்தேன். அதில் காரைக்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் பந்தி போட்டுவிடலாம்.

அந்த வார இறுதியில் ஊருக்குப் போனபோது வீடியோவை அப்பத்தாவிடம் காட்டினேன். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி முழுசாகப் பார்த்துவிட்டு, "ஏந்தாயி, நம்ம பாம்பன் பக்கம் இல்லாத தீவா? அதுக்குப் போயி இம்புட்டு காசா?" என்றது.

அப்பத்தா சொன்னது சரிதான். காரைக்குடியிலிருந்து 150 கிலோமீட்டர் தூரத்தில், கடலுக்குள் ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. பெயர், மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை வரிசையாக 21 தீவுகள். ஒன்றில்கூட ஊர் கிடையாது. "அப்ப நீயும் வர்றியா, போவோம்" என்றேன்.

அப்பத்தா பதில் சொல்லவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டது.

கடலைப் பார்க்க மாட்டேன் என்ற அப்பத்தா

ஏன் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அப்பத்தா பிறந்தது இலங்கையில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். அதன் தாத்தா காலத்தில் தேவகோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து போன குடும்பம். 1964-ல் போடப்பட்ட சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம், மலையகத் தமிழர்களில் யார் இந்தியா போவது, யார் அங்கேயே இருப்பது என்று கணக்குப் போட்டுப் பிரித்தது. 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மீதிப் பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்பதுதான் அந்தக் கணக்கு. ஒரே வீட்டில் சிலர் இந்தப் பட்டியலிலும் சிலர் அந்தப் பட்டியலிலும் வந்தார்கள்.

1972-ல் அப்பத்தாவுக்கு 14 வயது. அப்பா, அம்மா, தம்பியோடு தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கியது. கல்யாணமாகியிருந்த அக்கா அங்கேயே தங்கிவிட்டார். தலைமன்னார் பாலத்தில் நின்று அக்கா அழுதது, தம்பி வழியெல்லாம் வாந்தி எடுத்தது, இந்த இரண்டைத் தவிர அந்தக் கப்பலைப் பற்றி அப்பத்தா எதுவும் சொன்னதில்லை. கப்பல் பெயர்கூட ஞாபகம் இல்லை என்று சொல்லிவிடும்.

அக்காவின் கடிதங்கள் 1983 வரை வந்தன. கலவரத்துக்குப் பிறகு நின்றுவிட்டன. சில வருடங்களுக்கு முன்புதான் அப்பா முகநூலில் தேடி அந்தக் குடும்பத்தைக் கண்டுபிடித்தார். பெரியம்மாச்சி உயிரோடு இருக்கிறார். மலையகத்திலிருந்து கிளிநொச்சிக்கு வந்து ரொம்ப வருடம் ஆகிறதாம். இப்போது மாதத்துக்கு ஒருமுறை வீடியோ கால் நடக்கும். இரண்டு கிழவிகளும் முதல் பத்து நிமிடம் பேசாமல் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

இத்தனைக்கும் ராமேஸ்வரம் எங்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரி. தாத்தா திதிக்குக்கூட அப்பத்தா அக்னி தீர்த்தத்துக்கு வந்ததில்லை. "நீங்க போய்ட்டு வாங்க" என்றுவிடும்.

ஆனால் அன்று ராத்திரி நான் படுத்த பிறகு, அடுப்படியில் தேன்குழல் பிழியும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். "படகுல பசிக்கும்ல?" என்றது அப்பத்தா.

போட் மெயிலில் ஒரு விடியல்

காரைக்குடியிலிருந்து பாம்பன் போகக் கார், பஸ் எல்லாம் உண்டு. நாங்கள் ரயிலைத்தான் பிடித்தோம். சென்னை எழும்பூரிலிருந்து ராமேஸ்வரம் போகும் ராத்திரி வண்டியை எங்கள் ஊரில் இன்னமும் 'போட் மெயில்' என்றுதான் பெரியவர்கள் சொல்வார்கள். 1914-ல் பாம்பன் ரயில் பாலம் திறந்ததும், ரயிலில் தனுஷ்கோடி வரை போய், அங்கே கப்பல் ஏறி தலைமன்னாரில் இறங்கி, மறுபடி ரயிலில் கொழும்பு போகலாம் என்றானது. இர்வின், கோஷன் என்ற நீராவிக் கப்பல்கள் அந்த வழியில் ஓடின. எங்கள் ஊர்ச் செட்டியார்கள் எத்தனையோ பேர் கொழும்புக் கடைகளுக்கும் கண்டிக் கடைகளுக்கும் போனது இந்த வழியாகத்தான். செட்டிநாட்டு வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்களைப் பார்த்து வாய் பிளப்பவர்கள், அந்த வீடுகள் கடல் தாண்டிய பணத்தில் எழுந்தவை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1964 டிசம்பர் 22-ம் தேதி ராத்திரி அடித்த புயலில் தனுஷ்கோடி போனது. அதன் பிறகு கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து ஓடியது. 1980-களில் இலங்கையில் போர் தொடங்கியதும் அதுவும் நின்றது. படகு போய்விட்டது, பெயரில் மட்டும் 'போட்' இருக்கிறது.

மண்டபம் தாண்டும்போது நன்றாக விடிந்துவிட்டது. "இந்தா, இங்கதான் கேம்பு" என்று அப்பத்தா ஜன்னலுக்கு வெளியே கை காட்டியது. வெள்ளைக்காரர் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலித் தொழிலாளர்களை நோய்ச் சோதனைக்காக நிறுத்தி வைத்த இடம், மண்டபம் முகாம். அப்பத்தாவின் தாத்தா போகும்போது அங்கே தங்கினார். பேத்தி திரும்பி வரும்போதும் அங்கேதான் தங்கினாள்.

அடுத்த சில நிமிடங்களில் ரயில் புதிய பாம்பன் பாலத்தில் ஏறியது. 2025 ஏப்ரல் 6-ம் தேதி திறக்கப்பட்ட பாலம். நீளம் இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். கப்பல் வந்தால் நடுவில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி அப்படியே லிஃப்ட் போல மேலே எழும்பும். பெட்டியில் எல்லோரும் போனைத் தூக்கிக்கொண்டு கதவுப் பக்கம் ஓடினார்கள். அப்பத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு, தன் மடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது.

குந்துகாலில் படகு ஏறினோம்

பாம்பனிலிருந்து ஆட்டோவில் கொஞ்ச நேரம் போனால் குந்துகால். சிகாகோ சென்ற சுவாமி விவேகானந்தர் கொழும்பு வழியாகத் திரும்பி, 1897 ஜனவரி 26-ம் தேதி தாய்நாட்டு மண்ணில் கால் வைத்த இடம். அங்கே நினைவு மண்டபம் இருக்கிறது. அதன் பக்கத்திலிருந்துதான் வனத்துறையின் படகு குருசடைத் தீவுக்குக் கிளம்புகிறது.

படகு என்றால் சின்னதுதான். ஒரு டஜன் பேர் உட்காரலாம். டாஸ்மேனியாக் கப்பலில் இருந்த சாய்வு நாற்காலி, நூலகம் எல்லாம் கிடையாது. ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் உண்டு. ஏறும் முன் பைகளைப் பார்க்கிறார்கள். என் தண்ணீர் பாட்டிலும் சிப்ஸ் பாக்கெட்டும் கரையிலேயே நின்றுவிட்டன. அப்பத்தாவின் சில்வர் தூக்குவாளியையும் தேன்குழல் டப்பாவையும் பார்த்த வனத்துறைத் தம்பி, "பாட்டிதான் கரெக்டா வந்திருக்காங்க" என்று சிரித்தார்.

அப்பத்தா மட்டும் படகுத்துறையிலேயே நின்றது. படகு ஆடுவதையே பார்த்துக்கொண்டிருந்தது. படகோட்டும் அண்ணன் பாம்பன்காரர், மீனவக் குடும்பம். அவர் கையை நீட்டி, "வாங்க ஆத்தா, இது தென்கடல். இந்த மாசம் இது கொளம் மாதிரி கெடக்கும்" என்றார்.

"நான் வந்தது எந்தக் கடலு?" என்று கேட்டது அப்பத்தா.

"தலைமன்னாருல இருந்து ராமேஸ்வரத்துக்கா? அது வடகடல் ஆத்தா. பாலத்துக்கு அந்தப் பக்கம்."

"அப்ப இது வேற கடலு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அப்பத்தா படகில் கால் வைத்தது.

பாம்பன் தீவுக்கு வடக்கே இருப்பது பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. வடகடல், தென்கடல் என்பது இந்தப் பக்கத்துப் பேச்சு. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும். வாடைக்காற்றில் வடகடல் ஆடும். நாங்கள் போனது பிப்ரவரி. தென்கடல் கண்ணாடி போலக் கிடந்த நேரம்.

நான்கு தீவுகள், ஒரு பாடப்புத்தகப் புழு

புள்ளிவாசல், பூமரிச்சான், குருசடை, சிங்கில். மண்டபம் குழுவில் இருக்கும் ஏழு தீவுகளில் இந்த நான்கும் ஒன்றுக்கொன்று அக்கம்பக்கம். தூரத்திலிருந்து பார்த்தால் தண்ணீரில் மிதக்கும் பச்சைத் துண்டு மாதிரிதான் தெரிகிறது. கிட்டே போனால் அலையாத்தி மரங்களின் வேர்கள் சேற்றிலிருந்து நிமிர்ந்து நிற்கின்றன. ஆலாப் பறவைகள் தலைக்கு மேல் கத்திக்கொண்டு போகின்றன. அண்ணன் இன்ஜினை நிறுத்தினார். சட்டென்று அமைதி. குனிந்து பார்த்தால், இடுப்பளவு ஆழத்தில் கடற்புல் அசைவது தெரிந்தது.

"இதைத்தான் ஆவுளியா மேயும்" என்றார் அண்ணன். ஆவுளியா என்றால் கடல் பசு. பாலூட்டி. அதை நாங்கள் பார்க்கவில்லை. பார்ப்பது ரொம்ப அபூர்வமாம். அந்த இனத்துக்காகவே 2022-ல் தமிழக அரசு பாக் நீரிணையில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைப் பாதுகாப்பகமாக அறிவித்தது.

இந்த 21 தீவுகளும் சுற்றியிருக்கும் கடலும் 1986-ல் தேசியப் பூங்கா ஆயின. பரப்பு 560 சதுர கிலோமீட்டர். 1989-ல் இந்த வளைகுடா உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. பவளப்பாறைகளில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் இங்கே இருக்கின்றன.

குருசடைக்குத் தனிப் பெருமை ஒன்று உண்டு. பிளஸ் ஒன் விலங்கியலில் பாலனோகிளாசஸ் என்று ஒரு புழுவைப் படித்திருப்பீர்கள். முதுகெலும்பு இல்லாத உயிர்களுக்கும் உள்ள உயிர்களுக்கும் நடுவே இருக்கும் இணைப்பு என்று வாத்தியார் சொல்லியிருப்பார். அந்தப் புழு இந்தத் தீவின் மணலில் வாழ்கிறது. இந்தத் தீவுக் கரையின் உயிரினங்களைப் பற்றி மட்டுமே சென்னை அருங்காட்சியகம் 1927-ல் ஒரு தனி நூல் வெளியிட்டது. நான் மனப்பாடம் செய்து மறந்துபோன ஒரு பெயர், காரைக்குடியிலிருந்து ஒரு ராத்திரிப் பயண தூரத்தில் உயிரோடு இருக்கிறது என்பது எனக்குப் புதுசு.

பவளத்தை எடுத்ததற்குக் கொடுத்த விலை

தீவில் இறங்கிக் கரையோரம் நடந்தோம். காலுக்கடியில் வெள்ளை வெள்ளையாக, விரல் மாதிரியும் மூளை மாதிரியும் காய்ந்த பவளத் துண்டுகள். அப்பத்தா ஒன்றைக் குனிந்து எடுத்தது. "இதைக் கொலு பொம்மைக்குப் பக்கத்துல வைக்கலாம்" என்று முந்தானையில் முடியப் போனது.

கூட வந்த வனத்துறைத் தம்பி தயக்கத்தோடு தடுத்தார். "எடுக்கக் கூடாது பாட்டி. செத்த பவளமா இருந்தாலும் கேஸ் ஆயிடும்." அவர் சும்மா பயமுறுத்தவில்லை. புலிக்கும் யானைக்கும் இருக்கும் அதே முதல் பட்டியல் பாதுகாப்பு, வனவிலங்குச் சட்டத்தில் பவளத்துக்கும் இருக்கிறது.

ஒரு துண்டு கல்லுக்கு இவ்வளவு கெடுபிடியா என்று தோன்றலாம். காரணம் இதுதான். சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பல வருடங்கள் இந்தக் கடலில் பவளப்பாறைகளை வெட்டி எடுத்தார்கள். பவளப்பாறைதான் அலையின் வேகத்தை வாங்கிக்கொண்டு தீவைக் காப்பாற்றும் மதில். மதிலை எடுத்த இடத்தில் அலை நேராகத் தீவில் மோதியது. மணல் கரைந்தது. கீழக்கரைக் குழுவில் இருந்த பூவரசன்பட்டியும் தூத்துக்குடிக் குழுவில் இருந்த விலங்குச்சல்லியும் கடலுக்குள் மூழ்கிவிட்டன. கணக்கில் 21 தீவுகள், கண்ணுக்குத் தெரிவது 19.

தூத்துக்குடிப் பக்கத்து வான் தீவும் அதே வழியில் போய்க்கொண்டிருந்தது. ஒரு காலத்தில் 16 ஹெக்டேர் இருந்த தீவு 2 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கிவிட்டது. பிறகு கான்கிரீட்டில் செயற்கைப் பாறைகள் செய்து தீவைச் சுற்றிக் கடலில் இறக்கினார்கள். அலை தணிந்தது, கரைதல் குறைந்தது, அந்தக் கான்கிரீட்டில் மீன்களும் வந்து சேர்ந்தன. இப்போது காரியாச்சல்லித் தீவைக் காப்பாற்றும் வேலை நடக்கிறது. அதுவும் பழைய பரப்பில் எழுபது சதவீதத்துக்கு மேல் இழந்துவிட்ட தீவு.

இதோடு கடல் சூடாவதும் சேர்ந்துகொண்டது. கோடையில் தண்ணீரின் வெப்பம் ஏறினால் பவளங்கள் நிறமிழந்து வெளுக்கின்றன. 2010-லும் 2016-லும் இங்கே பெரிய அளவில் வெளுத்தன.

தம்பி சொல்லி முடித்ததும் அப்பத்தா அந்தத் துண்டை எடுத்த இடத்திலேயே வைத்தது. "கேஸ் வேணாம் சாமி. அது இருக்குற எடத்துலயே இருக்கட்டும்" என்றது.

நமக்குச் சுற்றுலா, அவர்களுக்கு வயிறு

திரும்பும் வழியில், தண்ணீருக்கு மேல் சில தலைகள் தெரிந்தன. பெண்கள். புடவைக்கு மேல் சட்டை போட்டு, கண்ணில் கண்ணாடி மாட்டி, மூச்சை அடக்கி மூழ்கி எழுந்துகொண்டிருந்தார்கள். "எங்க அம்மாவும் பாசி எடுக்கப் போகும்" என்றார் அண்ணன்.

மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை என்று இவர்கள் எடுக்கும் கடற்பாசிகள்தான் அகார் போன்ற பொருட்களாக மாறுகின்றன. ஐஸ்கிரீமிலும் மருந்திலும் பாசிப்பொருள் சேர்வது நமக்குத் தெரியாது. பாறை கிழிக்காமல் இருக்க விரலில் துணி சுற்றிக்கொள்கிறார்கள். பரம்பரையாக இந்தத் தீவுகளைச் சுற்றித்தான் இவர்கள் வேலை. பூங்கா வந்த பிறகு தீவில் கால் வைத்தால் குற்றம். அபராதம், படகு பறிமுதல் என்று பல வருடங்கள் போராட்டம்.

அவர்கள் சும்மா இருக்கவில்லை. மாதத்தில் 12 நாள் மட்டுமே எடுப்பது என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள். பாசி மறுபடி வளர வேண்டுமே. அவர்களுக்காகப் பேசிய சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமிக்கு, தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்குத் தரப்படும் சீகாலஜி விருது 2015-ல் கிடைத்தது.

"டிக்கெட் வாங்குனா நீங்க தீவுல எறங்கலாம். எங்க அம்மா எறங்க முடியாது. அதான் வருத்தம். ஆனா தீவே இல்லாமப் போனா பாசியும் இல்ல, எனக்கு இந்த வேலையும் இல்ல. அதையும் சொல்லணும்ல?" என்றார் அண்ணன். இரண்டு பக்கமும் தெரிந்தவர் பேச்சு அது. என்னிடம் பதில் இல்லை. அப்பத்தா தேன்குழல் டப்பாவைத் திறந்து அவரிடம் நீட்டியது.

"இலங்கை எந்தப் பக்கம்?"

குந்துகால் நெருங்கும்போது அப்பத்தா முதல்முறையாகத் தானே பேச்சைத் தொடங்கியது. "தம்பி, இலங்கை எந்தப் பக்கம்?"

அண்ணன் கிழக்கே கை காட்டினார். "அங்கிட்டு. இங்கேருந்து தெரியாது ஆத்தா. தனுஷ்கோடி முனைக்குப் போனா போன்ல அவங்க டவர் எடுக்கும்."

"இப்ப கப்பல் ஓடுதா?"

"ராமேஸ்வரத்துல இருந்து இல்ல. நாகப்பட்டினத்துல இருந்து காங்கேசன்துறைக்கு ஓடுது. கப்பல் பேரே சிவகங்கை."

அப்பத்தா என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் போனில் தேடிக் காட்டினேன். உண்மைதான். 2024 ஆகஸ்ட் முதல் அந்த வழியில் ஓடும் பயணிகள் கப்பலுக்கு எங்கள் மாவட்டத்தின் பெயர். நாலு மணி நேரத்தில் போய்விடலாம். காங்கேசன்துறையிலிருந்து கிளிநொச்சி பஸ்ஸில் போகும் தூரம்தான்.

"கப்பலுக்கு என்னென்ன வேணும்?"

"பாஸ்போர்ட் வேணும் அப்பத்தா."

அதற்கு மேல் எதுவும் பேசவில்லை. கரையில் இறங்கும்போது யார் கையையும் பிடிக்காமல் இறங்கியது.

போவதற்கு முன் தெரிந்துகொள்ள:

* ஜனவரி முதல் ஏப்ரல் வரை தென்கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். காற்று அதிகமானால் படகை நிறுத்திவிடுவார்கள். கிளம்பும் முன் ராமநாதபுரம் மாவட்ட வனத்துறையிடம் படகு ஓடுகிறதா, கட்டணம் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.
* பிளாஸ்டிக் எதுவும் வேண்டாம். தண்ணீருக்கு எவர்சில்வர் பாத்திரம், தலைக்குத் தொப்பி அல்லது துண்டு, காலுக்கு நனைந்தாலும் பரவாயில்லாத செருப்பு.
* பவளம், சங்கு, கடல் அட்டை எதையும் தொடவோ எடுக்கவோ கூடாது.
* காரில் போகிறவர்கள் வழியில் திருவாடானை வட்டத்தில் இருக்கும் காரங்காட்டில் நிறுத்தலாம். அங்கே வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள்.
* வயதானவர்களைத் தாராளமாக அழைத்துப் போகலாம். ஏறி இறங்கக் கைப்பிடித்து உதவுகிறார்கள்.

கடைசியாக ஒரு செய்தி. நாங்கள் காரைக்குடி திரும்பிய மறுநாள் காலை, அப்பத்தா டிரங்குப் பெட்டியைத் திறந்து உட்கார்ந்திருந்தது. தாயகம் திரும்பியோருக்குக் கொடுத்த பழைய குடும்ப அட்டையும், குடியுரிமைப் பதிவுக் காகிதமும் ஒரு மஞ்சள் பையில் பத்திரமாக இருந்தன. பாஸ்போர்ட் விண்ணப்பத்தை லேப்டாப்பில் நான்தான் நிரப்பினேன். 'பிறந்த இடம்' என்ற கட்டம் வந்ததும், "அப்பத்தா, என்ன போடட்டும்?" என்று கேட்டேன்.

"ஹட்டன்னு போடு" என்றது. "பத்து நாளைக்குள்ள வந்துருமா தாயி? அக்காவுக்கு மனகோலம்னா உசுரு. இங்கேருந்து கொண்டுபோனா கெட்டுப் போகாது."